கேள்வி – பதில்: நிலம் மலிவு, தண்ணீர் கிராக்கி! டெக்சாசின் கிங் ராஞ்ச்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலம் அளவுக்கு மாட்டுப் பண்ணை இருக்கிறதாமே? அவ்வளவு நிலத்தை ஒருவர் எப்படி வாங்கிச் சேர்த்தார்?

கிங் ராஞ்சைத்தான் கேட்கிறீர்கள். தெற்கு டெக்சாசில், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் இருக்கிறது. இன்றைய பரப்பு சுமார் 8,25,000 ஏக்கர், கோவாவைவிடச் சற்றே குறைவு. ஆனால் ஒரே துண்டு அல்ல. சான்டா கெர்ட்ரூடிஸ், லாரெலெஸ், என்சினோ, நோரியாஸ் என்று நான்கு பிரிவுகள்.

ரிச்சர்ட் கிங், நியூயார்க்கில் 1824-இல் ஏழை ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். நகைக்கடையில் வேலை பழக விட்டார்கள். அவர் கப்பலில் ஒளிந்து ஓடிவிட்டார். பிறகு ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகுகள் ஓட்டிக் காசு சேர்த்தார். 1853-இல் 15,500 ஏக்கரை 300 டாலருக்கு வாங்கினார். ஏக்கருக்கு இரண்டு சென்ட்கூட ஆகவில்லை.

இந்த விலைக்குக் காரணம் உண்டு. நூயேசெஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டேவுக்கும் இடைப்பட்ட பகுதியை 1848 வரை மெக்சிகோவும் அமெரிக்காவும் தத்தம் நிலம் என்றன. ஸ்பானிய, மெக்சிகோ அரசுகளிடம் மானியமாக நிலம் பெற்ற குடும்பங்கள் பல தெற்கே போய்விட்டன. கொள்ளை பயம் ஒரு பக்கம், வறட்சி ஒரு பக்கம். அந்த நிலங்களில் பெரும்பாலானவை பாகம் பிரிக்காதவை. ஒரு மானியத்துக்கு ஏகப்பட்ட வாரிசுகள். கிங் ஒவ்வொரு பங்காளியாகத் தேடிப் பிடித்து எழுதி வாங்க வேண்டியிருந்தது. மாட்டுக்காரர்களைவிட வக்கீல்களுக்கு அதிக வேலை என்று சொன்னாலும் தப்பில்லை. தொடக்ககாலப் பங்குதாரர் ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கு 2003-இல்தான் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் பண்ணைக்குச் சாதகமாக முடிந்தது!

1885-இல் கிங் இறந்தபோது மனைவி ஹென்ரியேட்டாவுக்கு விட்டுப்போனது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர். கூடவே ஐந்து லட்சம் டாலர் கடன்.

கேள்வி: ஆள் அரவமே இல்லாத இடத்தில் மாடு மேய்க்க ஆட்கள்?

1854 வறட்சியில் மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்தில் குருய்யாஸ் என்ற ஊரின் மாடுகளை கிங் மொத்தமாக வாங்கினார். மாடு போனபின் அந்த ஊரில் பிழைப்பு ஏது? ஊராரையும் வேலைக்குக் கூப்பிட்டார். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் ‘கினேன்யோ’, அதாவது கிங்கின் ஆட்கள். கயிறு வீசுவது, குதிரை பழக்குவது எல்லாம் அவர்கள் கைவித்தை. சினிமா கௌபாய் சுழற்றும் ‘லாசோ’ என்ற சொல்லே ஸ்பானியம்தான்.

கேள்வி: பண்ணையின் ‘ஓடும் டபிள்யூ’ குறியைப் பற்றிச் சொல்லுங்கள். சூடு போடும்போது குறி கலங்காமல் இருப்பது எப்படி?

மாடு இந்தப் பண்ணையுடையது என்று காட்டத் தோலில் சூடு போட்டுப் பதிக்கும் குறி அது; 1869-இல் பதிவானது. பாம்பு நெளிவதுபோல வளைந்த டபிள்யூ. கூரான மூலை உள்ள குறியில் இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் சூடு தேங்கும். தோல் வெந்து கரும்புள்ளியாகிவிடும். வளைவான கோட்டில் அந்தத் தொல்லை குறைவு.

இரும்பைச் சிவக்கக் காய்ச்சக் கூடாது. முடி பற்றி எரிந்து குறி பரவிவிடும். சாம்பல் நிறத்துக்கு வந்ததும் எடுத்து மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்தினால் போதும். தோல் செருப்புத் தோல் நிறத்துக்கு மாறினால் சரி. ஈர மாட்டுக்குச் சூடு போடவே கூடாது. நீராவி பரவி எழுத்து அழிந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு வறண்ட பூமியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

1890-களின் பஞ்சத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கிங்கின் மருமகன் ராபர்ட் கிளீபர்க் கனமான துளையிடும் இயந்திரத்தைத் தருவித்து, 1899-இல் தானாகப் பொங்கும் ஊற்றைக் கண்டார். உள்நாட்டில் மேடான இடத்தில் பெய்யும் மழை மணற்படுகையில் இறங்கி, கடலை நோக்கிச் சாய்ந்து ஓடுகிறது. மேலும் கீழும் களிமண் அடுக்கு இருப்பதால் அழுத்தம் கூடுகிறது. துளை போட்டால் நீர் தானே மேலே வரும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் ரயில் வந்தது. 1904-இல் கிங்ஸ்வில் நகரமும் பிறந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிணறுகள் பெருகினால் எல்லாவற்றிலும் அழுத்தம் விழும். வால்வு போடாமல் இரவு பகலாக ஓடவிட்டால் இன்னும் வேகமாக விழும். பிறகு காற்றாலையோ பம்ப்போ வைத்துத்தான் இறைக்க வேண்டும்.

கேள்வி: இந்தப் பண்ணை உருவாக்கிய சான்டா கெர்ட்ரூடிஸ் மாட்டில் இந்திய ரத்தம் இருக்கிறது என்பது சரியா?

சரிதான். எட்டில் மூன்று பங்கு பிராமன், மீதி ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன் என்ற பிரிட்டன் இனம். பிராமன் என்பது ஓங்கோல், கிர், காங்கிரேஜ் போன்ற நம் திமில் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம். பிரிட்டன் மாடு இறைச்சிக்கு நல்லது, ஆனால் டெக்சாஸ் வெயிலில் மேய்ச்சலை விட்டு நிழலில் நின்று இளைக்கும். திமில் மாட்டுக்கு மெல்லிய பளபளப்பான முடி, தளர்ந்த தோல், நன்றாக வியர்க்கும் உடம்பு; உண்ணியையும் ஓரளவு தாங்கும்.

1920-இல் பிறந்த ‘மங்கி’ என்ற செந்நிறப் பொலிகாளைதான் இனத்தின் மூதாதை. அதன் மகன்களை மீண்டும் உறவுக் கிடாரிகளோடே சேர்த்து நிறத்தையும் உடற்கட்டையும் நிலைப்படுத்தினார்கள். உறவுக்குள் சேர்த்தால் குறைகளும் சேர்ந்தே வெளிவரும். ஈவிரக்கமில்லாமல் கழித்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் மாடு இருந்ததால்தான் அது கட்டுப்படியானது. பத்து மாடு வைத்திருப்பவர் இதை முயன்றால் மந்தையே போய்விடும். 1940-இல் அமெரிக்க வேளாண் துறை இதைத் தனி இனமாக ஏற்றது.

மற்றப் பண்ணைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று. இந்தக் காளையை ஷார்ட்ஹார்ன் பசுவோடு சேர்த்தால் கன்றில் 3/8 வராது, பாதியான 3/16 தான் வரும். அடுத்த தலைமுறையில் 9/32, அதற்கடுத்து 21/64. 3/8-ஐ நெருங்கவே நாலைந்து தலைமுறை பிடிக்கும். காளை தேர்ந்தெடுக்கும்போது ஆண்குறியின் உறை தொங்குகிறதா என்றும் பாருங்கள். முள்புதரில் கிழிந்து புண்ணானால் அந்தக் காளை இனவிருத்திக்கு உதவாது.

கேள்வி: வாரிசுகள் பிரித்துக்கொள்ளாமல் இவ்வளவு நிலம் எப்படித் தப்பியது?

முழுதாகத் தப்பவில்லை. 1925-இல் ஹென்ரியேட்டா இறந்தபோது சுமார் 12 லட்சம் ஏக்கர் இருந்தது; அதில் ஒரு பகுதி பாகம் பிரிந்தது. பரம்பரை வரியும் பொருளாதார மந்தமும் மீதியையும் கடனில் தள்ளின. கைகொடுத்தது எண்ணெய். 1933-இல் ஹம்பிள் நிறுவனத்துக்குத் துரப்பண உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள்: ஏக்கருக்கு ஆண்டுக்கு 13 சென்ட், எடுக்கும் எண்ணெயில் எட்டில் ஒரு பங்கு ராயல்டி. அடுத்த ஆண்டே பண்ணையைக் கம்பெனியாக்கி, நிலத்துக்குப் பதில் குடும்பத்தாரிடம் பங்குகளைக் கொடுத்தார்கள். பங்கை விற்கலாம், வயலின் குறுக்கே வேலி போட முடியாது.

கேள்வி: நம் ஊர் நீலகாய் மான் அங்கே தொந்தரவு செய்கிறதாமே?

வேட்டைக்காகவும் அழகுக்காகவும் நோரியாஸ் பகுதியில் 1930 வாக்கில் விட்டார்கள். பல்கிப் பெருகிவிட்டது. தொந்தரவு, அது சுமக்கும் உண்ணியால்.

மாடுகளைத் தாக்கும் ‘டெக்சாஸ் காய்ச்சல்’ உண்ணியால் பரவுகிறது என்று 1893-இல் நிரூபணமானது. அந்த உண்ணி லார்வாப் பருவத்தில் ஏறினால் மூன்று வாரம் போல ஒரே மாட்டிலேயே தங்கி, பிறகு தரையில் விழுந்து முட்டையிடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்துத் தொட்டியில் மாட்டை நீந்தவிட்டால் முட்டையிடும்முன் செத்துவிடும். கிங் ராஞ்ச் இத்தகைய தொட்டியை அமைத்த முன்னோடிகளில் ஒன்று. ஆளைவிட ஆழமான குறுகிய கால்வாய். நுழைவில் செங்குத்து, தலை முழுகியே ஆக வேண்டும். வெளியேறும் பக்கம் சரிவு. வடியும் மருந்து தொட்டிக்கே திரும்பும். அக்காலத்தில் ஆர்செனிக் கலந்தார்கள். கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் உண்ணி பிழைத்துக்கொள்ளும்.

மாட்டை ஓட்டிவந்து முக்கலாம், நீலகாயை? வேலி தாண்டிப் பல மைல் அலைவது அது. வெள்ளைவால் மானுக்கு மருந்து கலந்த மக்காச்சோளம் வைத்தால் தின்னும். நீலகாய் அந்தப் பக்கமே வராது. அதனால் அவை வேலிக்கு அடியில் நுழையும் இடங்களில் தானியங்கித் தெளிப்பான் வைத்து, உண்ணியைக் கொல்லும் நுண்புழுக்களை நீரோடு பீய்ச்சிப் பார்க்கிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் குறைப்பதும் நடக்கிறது.