வெற்றுறை வெளியேறியும் ஏஆர்-15 துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாதது குறித்து

வணக்கம். சுட்ட தோட்டாவின் வெற்றுறை வெளியேறியும் அடுத்த தோட்டா ஏறவில்லை, கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் (அறையை மூடும் பாகம்) பின்னால் நிற்கவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; இவ்விரண்டும் சேர்ந்து வந்தால், போல்ட்டைத் தாங்கி முன்பின் நகரும் கேரியரைப் பின்தள்ள, சுடும்போது எழும் வாயு போதவில்லை என்றே பெரும்பாலும் பொருள். வலுக்குறைந்த தோட்டாவும் வறண்ட போல்ட்டும் இதே கோளாறைத் தரும் என்பதால், எண்ணெயிட்டு, முழு வலுவுள்ள தோட்டாவால் ஒருமுறை சுட்டுப் பாருங்கள்.

மாறவில்லையெனில், மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே துப்பாக்கியைப் பிரியுங்கள். கேரியரின் மேலுள்ள கேஸ் கீ (வாயுவைக் கேரியருக்குள் வாங்கும் சிறு குழாய்) சற்றே ஆடினாலும் வாயு அங்கே கசிந்துவிடும். போல்ட்டை முன்னே இழுத்து, அதன் முகம் மேசையில் படும்படி கேரியரை நிறுத்துங்கள். தன் எடையாலேயே கேரியர் இறங்கினால் போல்ட்டைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் வாயு வளையங்கள் தேய்ந்துவிட்டன. இவை நன்றாக இருந்தால், கேஸ் பிளாக் (குழலிலிருந்து வாயுவைத் திருப்பிவிடும் பாகம்) குழலிலுள்ள வாயுத்துளைக்கு நேராக அமரவில்லை என்பதே என் வலுவான சந்தேகம். துளையைப் பெரிதாக்கும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிவையுங்கள். அது தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநரின் கடைசி வழி.