சட்டம் கேளுங்கள்: ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் சம்பளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஊழியர் ஒருவர் தம் இரண்டு குழந்தைகளுக்குத் தர வேண்டிய ஜீவனாம்சத்தை மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துச் செலுத்துமாறு நீதிமன்ற ஆணை வந்துள்ளது. கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது என்கிறார் அவர். தாமே நேரில் கட்டிவிடுவதாகவும் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 60-வது பிரிவின்படி, ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது மூன்றில் ஒரு பங்கைத் தொடக் கூடாது, எஞ்சிய இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். மாதச் சம்பளம் 24,000 ரூபாய் என்றால் 8,000 ரூபாய் அவருக்கு. 16,000 ரூபாய் வரை ஜப்திக்கு உட்படும். இதே ஊழியர் கைமாற்றுக் கடனுக்காக ஜப்தியைச் சந்தித்திருந்தால், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் காப்பாற்றப்பட்டு, ஏறத்தாழ 7,666 ரூபாய்தான் பிடிக்க முடியும். கடன் கொடுத்தவருக்கு இல்லாத சலுகையைச் சட்டம் குழந்தைகளுக்குத் தந்திருப்பது சரியே என்பது என் எண்ணம்.

ஆனால் மூன்றில் இரண்டு என்பது உச்சவரம்பு மட்டுமே. ஆணையில் 6,000 ரூபாய் என்றிருந்தால் 6,000 ரூபாய்தான் பிடிக்க வேண்டும். கணக்கிடும்போது, பி.எஃப்., சங்கக் கடன் எல்லாம் போகக் கைக்கு வரும் தொகையை அடிப்படையாகக் கொள்ளாதீர்கள். அரசு அறிவிக்கையால் விலக்கப்பட்ட படிகள் நீங்கலான மொத்த ஊதியத்தையே சட்டம் 'சம்பளம்' என்கிறது. விடுப்பில் இருக்கும் காலத்துச் சம்பளமும் இதில் அடங்கும்.

'கால் பங்கு' என்ற பேச்சு, 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமான ஜீவனாம்சமாக இருக்கும் என்று கூறியதிலிருந்து பரவியது. அது ஜீவனாம்சம் எவ்வளவு என்று நிர்ணயிப்பதற்கான அளவுகோல். நிர்ணயித்த தொகையைப் பிடிப்பதற்கான வரம்பு அன்று. தொகை கூடுதல் என்று கருதினால், ஆணையை மாற்றக் கோரி அவர்தாம் நீதிமன்றத்தை நாட வேண்டும். சம்பளப் பிரிவில் முறையிட்டுப் பயனில்லை.

அவரே கட்டுவதாகச் சொல்வதை ஏற்காதீர்கள். ஆணை கிடைத்த பிறகு அதற்கு மாறாகச் சம்பளத்தைக் கொடுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 48-ஏ விதிப்படி அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பாகும். ஏற்கெனவே வேறொரு ஜப்தியில் பிடிக்கத்தக்க பங்கு முழுவதும் போய்க்கொண்டிருந்தால், புதிய ஆணையை அந்த விவரங்களோடு உடனே நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஊதியச் சட்டம் மொத்தப் பிடித்தத்துக்குப் பொதுவாக 50 விழுக்காடு வரம்பு வைத்திருப்பதால், கூட்டுத்தொகை அதைத் தாண்டும் நிலை வந்தால் எதைக் குறைப்பது என்று நீங்களே முடிவு செய்யாமல், கணக்கை எழுத்தில் வைத்து நீதிமன்றத்தின் வழிகாட்டலைக் கேளுங்கள்.