சுப்பர்சார்ஜர் பூட்டுவது பற்றி: கேள்வி பதில்

கோண்டாவிலில் கராஜ் வைத்திருக்கிறேன். சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் பெல்ற்றால் சுற்றி, காற்றை இறுக்கி உள்ளே தள்ளிப் பவர் கூட்டுகிற பம்ப். இதுவரை நாலு காருக்கு அதைப் பூட்டியிருக்கிறேன், அதில் ஒன்று என்னுடைய சொந்த 121 கொறோலா. கனபேர் தனித்தனியாகக் கேட்பதால் இன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து பதில் எழுதுகிறேன். பெற்றோல் கார் என்றால் கேளுங்கள். விலை மட்டும் கேட்க வேண்டாம், அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

கொக்குவில் தம்பி: அண்ணை, என்னட்டை 121 கொறோலா, 1.5 லீற்றர். ஜப்பானில் கழற்றின ஈற்றன் எம்45 சுப்பர்சார்ஜர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது? எவ்வளவு பவர் கூடும்?

தம்பி, சுப்பர்சார்ஜரைத் துணி சுற்றி ஒரு பக்கம் வையுங்கள். முதலில் கொம்பிறசன் மீற்றரை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கிற மீற்றரை எடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்ராட்டர் அடித்துப் பாருங்கள். ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சினுக்குப் பூட்ட வேண்டாம். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கற்.

அப்புறம் கணக்கு. உங்கள் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 0.75 லீற்றர் காற்று இழுக்கும். எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், ஏறத்தாழ 0.74 லீற்றர் தள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் எஞ்சின் தானாக இழுக்கிற காற்றைத்தான் இது கொடுக்கும், ஒரு பிரயோசனமும் இல்லை. எஞ்சின் ஒருமுறை சுற்ற இது ஒன்றரை முறை சுற்ற வேண்டும். அப்போது ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ மேலதிக அழுத்தம் வரும். கிராங் புல்லி 135 மில்லிமீற்றர் என்றால் சுப்பர்சார்ஜர் புல்லி 90. இதைவிடச் சின்னப் புல்லி போட ஆசை வரும், போடாதீர்கள். உங்கள் எஞ்சின் ஏற்கனவே காற்றை 10.5இல் ஒரு பங்காக இறுக்குகிறது, அதாவது கொம்பிறசன் 10.5க்கு 1. ரொயோட்டாக்காரரே சுப்பர்சார்ஜர் பூட்டி விற்ற 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினுக்கு 1986இல் 8க்கு 1 தான் வைத்தார்கள்.

சுப்பர்சார்ஜரில் இருந்து வருகிற காற்றைக் குளிர்விக்கிற இன்ரகூலரும் பூட்டி, பெற்றோல் அளவையும் நெருப்புப் பிடிக்கிற நேரத்தையும் வடிவாக ரியூன் பண்ணினால் 109 குதிரைவலு 130, 135 ஆகும். 200 வரும் என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜுக்குப் போக வேண்டாம்.

என்னுடைய முதல் எஞ்சின் போன கதையையும் சொல்கிறேன். பூட்டி மூன்றாம் கிழமை ஆனையிறவு தாண்டிப் போகும்போது பொனற்றுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், தகர டப்பாவுக்குள் நாலைந்து கடலையைப் போட்டு ஆட்டினது போல. கிளிநொச்சி மட்டும் போய்விட்டுப் பார்ப்போம் என்று மிதித்தேன். அடுத்த நாள் பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், நடுவில் மினுங்குகிற ஒரு பொட்டு. அந்தப் பொட்டு பிஸ்ரனில் இருந்து உருகின அலுமினியம். ஹெட்டைத் தூக்கினபோது மூன்றாம் பிஸ்ரனில் றிங் இருக்கிற விளிம்பு உடைந்து கிடந்தது. அந்தச் சத்தம்தான் தட்டல்: பெற்றோலும் காற்றும் ஒழுங்காக எரியாமல் தானாக வெடிக்கிறது. ஆகவே சத்தம் கேட்டவுடன் காலை எடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம்.

பருத்தித்துறையில் இருந்து: ரொயோட்டா அக்குவா ஹைபிரிட்டுக்குப் பூட்டலாமா?

இல்லை. அதன் கொம்பிறசன் 13.4. அதோடு அந்த எஞ்சினில் பெல்ற்றே கிடையாது, தண்ணீர்ப் பம்ப் உட்பட எல்லாம் கரண்டில் ஓடுகிறது. சுப்பர்சார்ஜரைச் சுற்ற எதிலிருந்து பெல்ற் எடுப்பீர்கள்?

இணுவில் வாசகர்: 6 பிஎஸ்ஐ தானே, இன்ரகூலர் இல்லாமல் ஓடினால் என்ன?

நல்ல கேள்வி. வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் 6 என்றால் அழுத்தம் 1.41 மடங்கு. காற்றை இறுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளங்கும். வெளியில் 34 பாகை என்று வையுங்கள். எம்45 போன்ற ரூட்ஸ் வகைச் சுப்பர்சார்ஜரின் திறன் 60 வீதம் என்று கணக்குப் பார்த்தால் வெளியே வருகிற காற்று 87 பாகை. சூடான காற்று விரிந்து நிற்கும். ஆகையால் அழுத்தம் 41 வீதம் கூடினாலும் உள்ளே போகிற காற்று 20 வீதம்தான் கூடும். அதே காற்றை இன்ரகூலரால் 50 பாகைக்கு இறக்கினால் 34 வீதம் கூடும். பவர் ஒரு பக்கம் இருக்கட்டும், 87 பாகைக் காற்று எஞ்சினைத் தட்ட வைக்கும். தட்டல்தான் பிஸ்ரனைக் கொல்கிறது, பவர் கூடினதால் எஞ்சின் சாவது மிகக் குறைவு.

தண்ணீர் ஓடுகிற இன்ரகூலர் போடுகிறவர்களுக்கு ஒன்று: கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்கு அடியில் படிகிற வெள்ளைப் படை அந்த ஒடுங்கின குழாய்களுக்குள்ளும் படியும். பற்றரித் தண்ணீரும் கூலன்றும்தான். ரேடியேற்றருக்கும் அதுவேதான்.

சுன்னாகம்: 92 பெற்றோல் காணுமா?

காணாது. 95 அடியுங்கள். ஒக்ரேன் என்கிற இந்த இலக்கம் கூடினால் பெற்றோல் லேசில் தட்டாது. தாங்கியில் பழைய 92 இருந்தால் ஓடித் தீர்த்துவிட்டு நிரப்புங்கள்.

வல்வெட்டித்துறை ஐயா: தம்பி, 95, 92 என்று பெரிய கதை சொல்லுகிறீர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது இந்தக் குடாநாடு முழுக்க மண்ணெண்ணெயில் ஓடினது. என்னுடைய ஒஸ்ரின் ஏ40 பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருடக்கணக்கில் ஓடினது. ஒரு பிஸ்ரனும் உருகவில்லை.

ஐயா, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அந்த நாளில் நான் கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பொடியன். கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் புகை மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது.

ஆனால் ஏ40 ஏன் தாங்கினது என்று பாருங்கள். 1.2 லீற்றரில் 40 சொச்சம் குதிரைவலு. கொம்பிறசன் 7க்குச் சற்று மேலே. றோட்டெல்லாம் கிடங்கு, அக்சிலேற்றரைப் பாதிக்கு மேல் மிதிக்க வழியில்லை. அதற்கும் மேலே டிஸ்றிபியூற்றரைத் தளர்த்திக் கையால் திருப்பி, தட்டல் நிற்கிற இடத்தில் இறுக்குவோம். நெருப்பு பிந்திப் பிடிக்கட்டும் என்று நாங்களே செய்த ரியூன் அது. மண்ணெண்ணெய் தட்டாமல் ஓடவில்லை ஐயா, நாங்கள் தட்டாமல் ஓட்டினோம்.

வல்வெட்டித்துறை ஐயா: அப்படியென்றால் இவர்களும் டிஸ்றிபியூற்றரைத் திருப்பினால் முடிந்தது தானே?

இப்போதைய எஞ்சினில் டிஸ்றிபியூற்றர் இல்லை, அந்த வேலையைக் கொம்பியூற்றர் செய்கிறது. கணக்கு நீங்கள் சொன்னதேதான்: ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் நெருப்புப் பிடிப்பதைக் கிராங் சுற்றுகிற கோணத்தில் ஏறத்தாழ ஒரு பாகை பிந்த வைக்க வேண்டும். அளவுக்கு மேல் பிந்தினால் பவர் போய் எக்சோஸ்ற் சிவக்கும். ஆகையால்தான் நல்ல பெற்றோல் கேட்கிறேன்.

மானிப்பாய் அன்பர்: ஐயா சொல்வதை நம்ப வேண்டாம். எங்கள் அப்பாவின் மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயால்தான் நாசமானது.

இருவரும் சரி. அந்தக் கார்கள் தட்டிச் சாகவில்லை, ஒயில் கெட்டுச் செத்தன. மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் வடிவாக ஆவியாகாது. சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் மட்டம் குறையாமல் ஏறியிருக்கும், விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி. பெயரிங் தேய்ந்து கிராங் கடகடக்கும். அப்பாவின் காருக்குக் கடைசியில் அடியில் இருந்து சத்தம் வந்ததா?

மானிப்பாய் அன்பர்: ஓம், அடியில் இருந்துதான்.

அதுதான் பெயரிங். இதே விசயம் சுப்பர்சார்ஜருக்கும் வருகிறது. பெற்றோல் அளவுக்கு மேல் கூட்டி ரியூன் பண்ணினாலும் சுவரைக் கழுவி ஒயிலில் இறங்கும். முழுதாக மிதிக்கும்போது காற்று 11.5, 12க்குப் பெற்றோல் 1 இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் ஒயில் கெடும், 13க்கு மேல் போனால் பிஸ்ரன். எக்சோஸ்ற் புகையில் இருந்து இந்த அளவைக் காட்டுகிற வைட்பான்ட் மீற்றர் இல்லாமல் இதைக் காதால் கேட்டு ரியூன் பண்ண முடியாது. 140 குதிரைவலுவுக்கு ஒவ்வொரு இன்ஜெக்ரரும் நிமிடத்துக்கு 260 சிசி அளவில் விட வேண்டும், அதையும் பார்த்து எடுங்கள்.

திருநெல்வேலி: 92உம் 95உம் பாதிப் பாதி கலக்கலாமா?

மேலே வாசியுங்கள்.

சாவகச்சேரி: என்னட்டை டீசல் ஹயஸ்.

டீசலுக்கு ரேர்போதான் பொருத்தம். அது என் வேலை இல்லை, டீசல் பம்ப் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள்.

நல்லூர் தங்கச்சி: அண்ணா, நான் பூட்டி ஆறு மாதம். 4,500 சுற்றுக்கு மேல் கீச்சென்று சத்தம், அழுத்தம் 6இல் இருந்து 4க்கு விழுகிறது.

பெல்ற் வழுக்குகிறது, தங்கச்சி. பொனற்றைத் திறந்து பெல்ற்றுக்குப் பக்கத்தில் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் உடனே இன்னும் இறுக்குவார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் சுப்பர்சார்ஜரின் முன் பெயரிங் போய்விடும். முதலில் நேர்க்கோல் ஒன்றை இரண்டு புல்லியிலும் வைத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகக் கூடாது. நேராக இருந்தால் பெல்ற் சின்னப் புல்லியை எவ்வளவு சுற்றிப் பிடிக்கிறது என்று பாருங்கள். பாதி வட்டமாவது தொட வேண்டும். காணாவிட்டால் ஐட்லர் புல்லி ஒன்றைப் பக்கத்தில் பூட்டிப் பெல்ற்றை வளைத்து எடுக்கலாம். அதோடு சுப்பர்சார்ஜருக்குள் இருக்கிற ஒயிலையும் மாற்றுங்கள். அதற்கென்று விற்கிற ஒயில்தான், மூக்கைப் பொத்துகிற மணமாக இருக்கும். எஞ்சின் ஒயில் விடக் கூடாது.

அரியாலை: பிளக் மாற்ற வேண்டுமா?

ஒரு படி குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைக் கெதியாகக் கடத்துகிறது, போடுங்கள். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் இலக்கம் கூடினால் குளிர்ந்தது. இடைவெளியை 1.1 மில்லிமீற்றரில் இருந்து 0.8க்குக் குறையுங்கள். கிராங் பக்கத்துப் புகையை எஞ்சினுக்குத் திருப்பி விடுகிற பீசீவி வால்வுக்கு, காற்றைத் திரும்ப விடாத வால்வு ஒன்றும் போடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் கிராங்குக்குள் போய் ஒயில் சீல் எல்லாம் கசியும்.

உரும்பிராய்: கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றலாமா?

வேண்டாம். கொதிக்க வைத்தாலும் சுண்ணாம்பு முழுக்கப் போகாது, மேலே ஒருமுறை சொல்லிவிட்டேன். பற்றரித் தண்ணீர்.

நாவற்குழி: காப்புறுதி?

பூட்ட முதல் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். பதிவு விசயத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள்.

கோப்பாய்: 92 அடித்தால் உண்மையாகவே...

95. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

வல்வெட்டித்துறை ஐயா: தம்பி, கடைசியாக ஒன்று. அந்த ஏ40இன் ஹெட் இன்னும் கொட்டிலுக்குள் கிடக்கிறது. எரிந்த வால்வு இருக்கிறதோ தெரியாது.

ஐயா, அதைக் கழுவாமல், சுரண்டாமல் அப்படியே சாக்கில் சுற்றி வையுங்கள். சனிக்கிழமை பின்னேரம் நானே வருகிறேன். எக்சோஸ்ற் வால்வுகளில் படிந்திருக்கிற கரியை ஒருக்கால் என் கண்ணால் பார்க்க வேண்டும்.