மூத்த ப்ளூஸ் கலைஞர்களை நேரில் கேட்பதில் அப்படி என்ன விசேஷம்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் மூத்த கிட்டார் கலைஞர் பட்டி கய். அவர் வாசித்ததை ஒரு ஜனவரி இரவில் சிகாகோவில் பார்த்தேன். 1989-இல் அவர் தொடங்கிய 'லெஜண்ட்ஸ்' கிளப்பில், ஜனவரி என்றாலே அவர் கச்சேரிதான். வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர்; உள்ளே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம்.

ரெக்கார்டில் சரியாகப் பிடிபடாத ஒன்று, சத்தத்தின் ஏற்ற இறக்கம். கிட்டார் அலறிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கையைத் தளர்த்துவார். கூட வாசிப்பவர்களும் அடங்கிவிடுவார்கள். ஒரே ஒரு சுரம்; தந்தியை விரலால் மேலே தள்ளி மெல்ல நடுங்க விடுவார். நம் கமகம் மாதிரிதான், ஆனால் இதில் அழுகை அதிகம். யாரோ ஒருவர் கிளாஸில் ஐஸ் கட்டி உருளும் சத்தம்கூடக் கேட்டது.

1936-இல் லூசியானாவில் பிறந்து, பருத்தி பறித்து, ஜன்னல் வலைக் கம்பியை மீட்டிப் பழகியவர் அவர். 1957-இல் சிகாகோ வந்து, மடி வாட்டர்ஸ் போன்ற ப்ளூஸ் முன்னோடிகளோடு வாசித்தவர். அந்தத் தலைமுறையின் வாசிப்பு அவர் விரலில் அப்படியே இருக்கிறது.

அப்புறம், வாசித்தபடியே மேடையை விட்டு இறங்கிவிட்டார். இளவயதில் கிட்டார் ஸ்லிம் என்ற ப்ளூஸ் கலைஞரைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம். அந்தக் காலத்தில் நீள ஒயரை இழுத்துக்கொண்டே நடப்பார்களாம். வெள்ளைப் புள்ளி போட்ட கருப்பு கிட்டாரோடு என் மேசைக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். புறங்கை நரம்புகள் புடைத்திருந்தன. கண்ணை மூடியிருந்தார். பக்கத்து மேசைப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான்.