வறிய பிள்ளையின் வாசிப்பு ஆசை மட்டும் ஓர் ஆய்வாளரை உருவாக்குமா?

வறுமையான வீட்டில் பிறந்த பிள்ளை வாசிப்பில் உள்ள ஆசையாலேயே ஒரு புலமையாளராக வர முடியுமா என்றும், உங்கள் அயலில் எதைக் கண்டாலும் எடுத்து வாசிக்கும் பத்து வயதுச் சிறுமிக்கு என்ன உதவி செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வர முடியும்; ஆனால் ஆசை மட்டும் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குக் காரணம் என் அண்ணா.

நான் திருகோணமலையில், திருக்கடலூரில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இன்று பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் கற்பிப்பவள். எனக்கு எழுத்துக்கூட்டப் பழக்கியவரே அண்ணாதான். என்னைவிட விரைவாக வாசிப்பார், வாசித்ததை என்னைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார். யுத்தக் காலத்தில் கடலுக்குப் போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. அந்த நாட்களில் அப்பாவுக்கு உடல்நலமும் கெட்டுவிடவே, தோணிக்குப் போகக்கூடியவர் வீட்டில் அவர் ஒருவரே என்பதால், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டார். அவர் உழைத்ததால் நான் படித்தேன். வறுமையை வாசிப்பு வென்றது என்று மேடைகளில் சொல்லப்படும் கதைகளில் இப்படிப்பட்ட அண்ணாமாருக்கு இடம் கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் பாடப்புத்தகங்களைத் தவிர வேறு நூல் இருக்கவில்லை. 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்ததால் அவையாவது இருந்தன. தமிழ்ப் பாடநூலை ஆண்டின் முதல் கிழமையிலேயே இருவரும் வாசித்து முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் சீனியும் பருப்பும் சுற்றி வந்த சரைகள்தான். பழைய வீரகேசரி, தினகரன் ஞாயிறு இதழ்களின் கிழிந்த பக்கங்களில் தொடர்கதையின் நடுப்பகுதி இருக்கும், தொடக்கமும் முடிவும் இரா. விடுபட்டவற்றை அண்ணாவும் நானும் ஊகித்துச் சண்டை பிடிப்போம். பிற்காலத்தில் செல்லரித்த பழைய இதழ்களோடு வேலை செய்தபோது இந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது என்று சொல்ல விருப்பம்தான்; எனினும் இல்லாமையைப் பயிற்சி என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான தடை புத்தகத்தின் விலையாகக் கூட இருக்கவில்லை. நூலகத்தில் அங்கத்துவம் பெறுவதற்கு ஆதனவரி செலுத்தும் ஒருவர் பிணையாளராகக் கையொப்பமிட வேண்டும் என்று விதி இருந்தது. உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் குடிசை போட்டிருந்த எங்களுக்கு அப்படி ஒருவரைத் தேடுவது இலேசான காரியமாக இருக்கவில்லை. கேட்ட வீடுகளில் மரியாதையாகவே மறுத்தார்கள். புத்தகம் தொலைந்தால் தாங்கள் பணம் கட்ட வேண்டிவரும் என்ற பயம் அவர்களுக்கு. கடைசியில், அம்மாவிடம் வழமையாகக் கருவாடு வாங்கும் தபால்கந்தோர் ஐயா ஒருவர், படிவத்தை வாசித்துக்கூடப் பார்க்காமல் கையொப்பமிட்டுத் தந்தார். என் புலமை வாழ்வின் தொடக்கம் எது என்று யாராவது கேட்டால், எந்த நூலின் பெயரையும் சொல்லாமல் அந்தக் கையொப்பத்தையே சொல்வேன்.

வாசகியாக இருந்த நான் எப்போது ஆய்வாளராக மாறினேன் என்பது தனிக்கதை. தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் என்று கருதப்படுகின்ற 'மோகனாங்கி', 1895இல் வெளிவந்தது என்றும், அதை எழுதிய த. சரவணமுத்துப்பிள்ளை நமது திருகோணமலையைச் சேர்ந்தவர் என்றும் உயர்தர வகுப்பில் தமிழாசிரியை ஒருநாள் சொன்னார். நான் அறிந்த எழுத்தாளர்கள் எல்லாம் வேறெங்கோ இருந்தவர்கள். எங்கள் ஊரவர் ஒருவர் சென்னைக்குப் போய், நாயக்கர் காலத்துக் கதை ஒன்றை எழுதியிருக்கிறார் என்றவுடன் அந்த நூலைத் தேடினேன்; எனக்கு எட்டிய இடம் எதிலும் அது இல்லை. கதையில் என்ன நடக்கிறது என்பதைவிட, அந்த நூல் ஏன் எனக்குக் கிடைக்கவில்லை, யார் அச்சிட்டார்கள், யார் வாசித்தார்கள் என்ற கேள்விகளே அதன்பின் என்னை அலைக்கழித்தன. வாசிப்பில் ஆசையுள்ளவர்கள் நூலின் உள்ளே போய்த் தங்கிவிடுவார்கள்; ஆய்வுக்கு வருபவர் தலைப்புப் பக்கத்தையும், பதிப்பாண்டையும், ஒரு பதிப்பில் இருந்து அடுத்ததில் இல்லாமற்போன வரியையும் பார்க்கப் பழக வேண்டும். அது சலிப்பான வேலை, ஆசையினால் மட்டும் வராது. உட்கார வைத்துச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1945 முதல் இலங்கையில் கல்வி இலவசம். அதற்கு முன்னின்றவர் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு எனத் தனி ஒதுக்கீடு உண்டு, திருகோணமலை அவற்றுள் ஒன்று. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் என் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டது, மிகுதிக்குச் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். இவற்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் என் ஆசை சரையோடு நின்றிருக்கும்.

இனி உங்கள் அயல்வீட்டுச் சிறுமியைப் பற்றி. புத்தகம் வாங்கிக் கொடுப்பது நல்லது, ஆனால் முதலில் நூலகத்துக்குக் கூட்டிப்போய், பிணையாளர் வேண்டும் என்றால் நீங்களே கையொப்பமிடுங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் கதைப்புத்தகங்களை ஒளித்துவைக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்த வீட்டில் உங்கள் பேச்சு எடுபடும் என்றால், அந்த ஆண்டிலும் கிழமைக்கு ஒரு புத்தகம் அவள் கைக்குப் போகட்டும் என்று கேளுங்கள். கைப்பேசி இருந்தால், 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். என் அண்ணா இப்போது இரவில் அதில்தான் பழைய 'மல்லிகை' இதழ்களை வாசிக்கிறார். என் கட்டுரைகளின் வரைவுகளையும் அவருக்கே முதலில் அனுப்புகிறேன், ஊர்ப்பெயர்களையும் கடற்றொழிற் சொற்களையும் அவர் திருத்தாமல் விடுவதில்லை. அந்தச் சிறுமிக்கு மூத்த சகோதரர் யாராவது இருந்தால், அவர் என்ன வாசிக்கிறார் என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.