மகள் கையெழுத்து வேண்டாம் என்கிறார்கள், வீட்டை வாங்கலாமா?

கேள்வி: தர்மபுரி இலக்கியம்பட்டி பக்கம் ஒரு வீடு விலைக்கு வருகிறது. மூன்று சென்ட், இரண்டு படுக்கையறை, வாசலில் ஒரு வேப்பமரம். தெரு அமைதி, டவுனும் கலெக்டர் ஆபீசும் பக்கம். 42 லட்சம் சொல்கிறார்கள். மனையை வாங்கி வீடு கட்டியவர் 2019-இல் இறந்துவிட்டார். பட்டா இப்போது அவர் மனைவி பெயரில் இருக்கிறது. அந்த அம்மாவும் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போடுவார்களாம். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு நகை, சீர் எல்லாம் அப்போதே செய்தாயிற்று, அவர் வரத் தேவையில்லை என்கிறார் பெரிய மகன். இந்த வாரமே இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மகள் கையெழுத்துப் போடாமல் நீங்கள் வாங்கினால், வீட்டில் கால் பங்கு அவரிடமே இருக்கும்.

கணக்கு இதுதான். இறந்தவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய இடம். உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், மகள் என நான்கு பேருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைக் கட்டாயம் கேளுங்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகையால் மகளின் பங்கு கழிந்துவிடாது. ஊரில் பலரும் கழிந்துவிட்டதாகவே நம்புகிறார்கள். அதனால் பெரிய மகன் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கலாம்.

பட்டா அம்மா பெயரில் இருக்கிறதே என்றால், பட்டா வருவாய்த் துறைப் பதிவேடு. பெயர் மாறியதாலேயே மற்றவர்களின் உரிமை அவருக்குப் போய்விடாது. இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, எதுவும் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுவார்கள். அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். அப்பா இறந்த அன்றே மகளுக்குப் பங்கு வந்துவிட்டது. அது எந்தப் பத்திரமும் எழுதாமல் வந்த உரிமை. அதை வில்லங்கச் சான்று காட்டாது.

என்னிடம் வந்த ஒரு தம்பதி இப்படித்தான் வாங்கினார்கள். மாடியில் ஒரு ரூம் கட்டி, புது கேட் போட்டு, நான்கு வருஷம் குடியிருந்த பிறகு பாகப்பிரிவினை வழக்கு என்று கோர்ட் நோட்டீஸ் வந்தது. விற்றவர்களின் அக்கா போட்ட வழக்கு. அந்தத் தம்பதியில் மனைவி நோட்டீஸை நான்காக மடித்து, பாஸ்புக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உறையில் அந்த வீட்டுக்கான கடன் பாஸ்புக்கும் இருந்தது. இன்னும் பதினொரு வருஷத் தவணை பாக்கி. உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள எல்லோரும் விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது மகள் தன் பங்கைத் தாய்க்கோ அண்ணன் தம்பிக்கோ விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கட்டும். அப்புறம் நீங்கள் மற்றவர்களிடம் வாங்கலாம். ஓசூர் ஒன்றும் தூரமில்லை, நேரில் வரச் சொல்வதே நல்லது. வெள்ளைத் தாளில் ‘எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்று எழுதி வாங்கி வந்தால் ஏற்காதீர்கள்.

மூலப்பத்திரத்தின் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், ஒரிஜினல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் உண்டா என்பதையும் கவனியுங்கள். இல்லையென்றால் வங்கிக் கடன் இழுபடும். அட்வான்ஸை நால்வரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில், வங்கி வழியாகக் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 42 லட்சத்துக்கு 3,78,000 ரூபாய். இதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். நீங்கள் கேட்கவில்லை, நம் மாவட்டம் என்பதால் சொல்கிறேன். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தால் நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத்தான் வெளியே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தக் குழாய் இணைப்பு வீட்டுக்கு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்று விற்பவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ வைத்துக்கொள்ள வேண்டாம். குழாய் இணைப்பும் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.