செவீயா: நிழல் போகும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் செவீயா நகரை ‘நடந்துகொண்டே பார்க்கவும் நடந்துகொண்டே சாப்பிடவும் வேண்டிய ஊர்’ என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, சென்ற ஆண்டு ஜூன் கடைசியில் நானும் மனைவியும் இரண்டு நாள் போய் வந்தோம். காலையில் நிதானமாகக் கிளம்பி பதினொன்றிலிருந்து நான்கரை வரை நடந்தோம். தேவாலயமும் அரண்மனையும் பெரிதாகத்தான் இருந்தன. ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. ஐந்து மணிக்குப் பசியோடு தேடினால் பாதிக் கடைகளில் சமையலறை மூடியிருந்தது. திறந்திருந்த ஒன்றில் உட்கார்ந்து, ஊர் பேசும் அந்தச் சிறுதட்டுப் பலகாரமான தபாஸ் கேட்டோம். உள்ளங்கை அகலத் தட்டில் நான்கு உருண்டை வந்தது. இதற்கா இத்தனை பேச்சு? ஸ்பெயினின் இன்னொரு ஊரான கிரனாதாவில் குடிக்க ஏதாவது வாங்கினாலே தபாஸ் இலவசம் என்று நண்பர் வேறு வெறுப்பேற்றினார்.

வரும் மார்ச்சில் மகளோடு மறுபடி போகவேண்டியிருக்கிறது. கட்டடக்கலை படிக்கிறாள், சைவம். இந்த முறையாவது சரியாகப் பார்க்க வழி சொல்லுங்கள்.

கே.எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள கே.எஸ்.,

ஜூன் கடைசியில் பதினொன்றுக்குக் கிளம்பினோம் என்ற வரியைப் படித்ததுமே மீதிக் கடிதம் எப்படிப் போகும் என்று தெரிந்துவிட்டது. தப்பு என்மேலும் உண்டு. நடங்கள் என்று எழுதியவன், எப்போது நடப்பது என்று எழுதவில்லை.

முதலில் கடிகாரம். ஸ்பெயின் இருக்கும் இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940இல், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் திருப்பி வைக்கவே இல்லை. கோடையில் அதற்கு மேலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வார்கள். செவீயா நாட்டின் தென்மேற்கில் இருப்பதால், ஜூனில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 2.25 வாக்கில்தான். ஊர்க்காரர்கள் இரண்டரைக்கு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள் என்றால், வெயில் கணக்கில் அது சரியான உச்சிவேளை. நீங்கள் பசியோடு அலைந்த ஐந்து மணி, அதே கணக்கில் பிற்பகல் இரண்டரை. கோடையில் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊரில் அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் நம்மைப் போன்ற பயணிகள் மட்டும்தான்.

இந்த வெயிலைப் புரிந்துகொண்டால்தான் அந்த ஊரின் கட்டடங்களும் புரியும், சாப்பாடும் புரியும். அங்கே மனிதன் கட்டியதில் பாதி நிழலுக்காகக் கட்டியது. சந்துகள் ஒடுங்கி வளைந்து போவதால் வெயில் தரையைத் தொடும் நேரம் குறைவு. சியெர்ப்பெஸ் போன்ற கடைத்தெருக்களில் கோடையில் மாடிக்கு மாடி துணிப்பந்தல் இழுத்துக் கட்டிவிடுவார்கள். வீடுகளைப் பாருங்கள்: தெருக்கதவு, ஒரு சின்ன நடை, ஓர் இரும்புக் கம்பிக் கதவு, அதற்கப்பால் முற்றம். தெருக்கதவு திறந்திருந்தால் கம்பி வழியாகப் பூந்தொட்டிகளும் ஓடு பதித்த சுவரும் தெரியும். எட்டிப் பார்ப்பதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய பெரிய வீடுகளில் கோடைக்குக் கீழ்த்தளம், குளிருக்கு மேல்தளம் என்று குடும்பமே இடம் மாறுவது அந்தக் கால வழக்கம்.

தேவாலயத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. பதினாறாம் நூற்றாண்டு வியாபாரிகள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி அதற்குள்ளேயே பேரம் பேசினார்கள். பாதிரியார்கள் பொறுத்துப் பார்த்து முடியாமல் போக, பக்கத்திலேயே வியாபாரிகளுக்கென்று ஒரு கட்டடம் எழுந்தது. இன்று ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளைப் பற்றிய ஆவணக் காப்பகமாக இருப்பது அதுதான். மகளை அங்கே கூட்டிப்போங்கள். கூட்டமே இருக்காது.

தேவாலயத்தின் ஹிரால்டா கோபுரத்தில் ஏறினீர்களா என்று எழுதவில்லை. 1184இல் தொடங்கி 1198இல் முடிந்த மசூதிக் கோபுரம் அது. 1248இல் கிறிஸ்தவ அரசர் நகரைப் பிடித்தார். பிற்பாடு மசூதியை இடித்துத் தேவாலயம் கட்டியவர்கள் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, 1568 வாக்கில் தலையில் ஒரு மணிக்கூண்டை ஏற்றினார்கள். செங்கல்லில் வைர வைரமாகப் பின்னியது போன்ற வேலைப்பாடு எங்கே நிற்கிறது, மேல்பகுதி எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்தே விரல் வைத்துக் காட்டலாம். உள்ளே மேலே போவது படிகளில் இல்லை, சரிவுப் பாதையில். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக என்பார்கள். என் முழங்காலுக்கு அந்தக் குதிரையின்மேல் பொறாமை. மசூதியின் முன்முற்றமும் தப்பியிருக்கிறது. நாரஞ்ச மரங்கள் நிற்கும் அந்த முற்றத்தில் கால்மணி நேரம் சும்மா உட்காருங்கள்.

நாரஞ்ச மரம் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு ‘நாரங்ஹா’. அரபியின் ‘நாரஞ்ச்’ வழியாக வந்தது. அதற்கு முன் பாரசீகம், அதற்கு முன் சமஸ்கிருத ‘நாரங்க’. அந்தச் சொல்லின் வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்று சொல்லும் மொழியியலாளர்கள் நம் நாரத்தையைத்தான் காட்டுகிறார்கள். செவீயாவின் தெருமரங்களில் காய்ப்பதும் வாயில் வைக்க முடியாத கசப்பு ஜாதி. ஆங்கிலேயர்கள் அதை வாங்கிப்போய் மார்மலேட் போட்டார்கள். நாமாக இருந்தால் ஊறுகாய். மார்ச்சில் அது பூக்கும். ஊரே மணக்கும்.

அல்காசர் அரண்மனையில் உங்கள் மகள் கவனிக்க இரண்டு விஷயம். 1360களில் கட்டிய பேத்ரோ மன்னர் கிறிஸ்தவர். கட்டியவர்களில் கிரனாதாவிலிருந்து வந்த முஸ்லிம் கைவினைஞர்களும் உண்டு. முகப்பின் உச்சியில், நீல ஓட்டில், வெறும் கோலம் போலத் தெரிவது உண்மையில் அரபி எழுத்து. ‘வெற்றி இறைவனுக்கே’ என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சுற்றி ஸ்பானிய மொழியில் மன்னரின் பெருமை. இரண்டும் ஒரே சுவரில். இன்னொன்று, வாசலுக்குள் நுழைந்ததும் நேரே போக முடியாது. மடங்கி மடங்கித்தான் முற்றத்துக்கு வர வேண்டும். வெயிலும் அந்நியர் பார்வையும் உள்ளே நேராக நுழையக் கூடாது.

சரி, சாப்பாடு. தபாஸின் ஒருமை தபா. தபா என்றால் மூடி. கோப்பையின்மேல் ரொட்டித் துண்டையோ பன்றியிறைச்சித் துண்டையோ வைத்து ஈயை விரட்டியதிலிருந்து வந்தது என்பார்கள். இதற்குப் பத்துக் கதை இருக்கிறது, எதையும் நம்ப வேண்டியதில்லை. தெரிய வேண்டியது அளவுதான்: தபா சின்னத் தட்டு, மேதியா ராசியோன் பாதித் தட்டு, ராசியோன் முழுத் தட்டு. வயிறு நிறைய வேண்டியவர் பாதித் தட்டு கேட்பார். நீங்கள் கேட்டது மூடி, வந்ததும் மூடி. செவீயாவில் அதற்குக் காசு உண்டு, கிரனாதாவில் பானத்தோடு சும்மா வரும். நண்பர் சொன்னது சரிதான். ஆனால் அங்கே என்ன வரும் என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார். சைவக்காரருக்கு அந்த இலவசம் வம்பு.

ஒரே கடையில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பப் பார்த்ததுதான் உங்கள் பிழை. ஒரு கடைக்கு ஓர் அயிட்டம். நின்றுகொண்டே சாப்பிட்டு, நூறடி நடந்து, அடுத்த கடை. நான்கு கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. வெயில் தாழ்ந்தபின் ஊரே தெருவுக்கு வருவதும் இதற்காகத்தான். சால்வதோர் சதுக்கத்துக்கு இரவு ஒன்பதுக்குப் போங்கள். சிறு கோப்பைகளோடு கூட்டம் தேவாலயப் படிகளில் உட்கார்ந்திருக்கும். அந்தத் தேவாலயமும் ஒரு பழைய மசூதியின் இடம்தான். பகலில் அதன் பக்க முற்றத்துக்குள் போய்ப் பாருங்கள். நூற்றாண்டுகளாகத் தரை உயர்ந்து உயர்ந்து தூண்கள் புதைந்துபோய், அவற்றின் தலைகள் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கின்றன. நான் அந்த ஊரில் பார்த்ததிலேயே பிடித்தது அதுதான்.

சைவத்துக்கு: ‘எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ்’, அதாவது கீரையும் கொண்டைக்கடலையும். பூண்டு, சீரகம், மிளகாய்த் தூள், வறுத்து அரைத்த ரொட்டி. நம் நாக்கு உடனே ஒத்துக்கொள்ளும். 1670இலிருந்து நடக்கும் எல் ரிங்கோன்சியோவில் இது கிடைக்கும். கணக்கை மர மேடையிலேயே சாக்பீஸால் எழுதிக் கூட்டுவார்கள். கத்தரிக்காய் வறுவலின்மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவது இன்னொன்று. சல்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளிக் குழம்பு குளிர்ச்சியாக வரும், ஆனால் மேலே பன்றியிறைச்சித் துருவல் தூவுவார்கள். ‘சின் ஹமோன்’, அதாவது பன்றியிறைச்சி இல்லாமல், என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வந்து நிற்கும். அனுபவம்.

எல் ரிங்கோன்சியோவுக்குப் போகும் வழியில் ‘காளான்கள்’ என்று ஊர் அழைக்கும் மரக் கூடாரம் வரும். ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் யூர்கன் மாயர் வடிவமைத்து 2011இல் திறந்தது. அடியில் ரோமானியர் காலத்து இடிபாடுகள். பலருக்கு அது பிடிக்காது. வெட்டவெளிச் சதுக்கத்துக்கு ஒரு பெரிய குடை என்று பார்த்தால் அந்த ஊர் வழக்கத்தை அது மீறவில்லை என்பது என் கட்சி. உங்கள் மகள் சண்டைக்கு வரலாம். 1929 கண்காட்சிக்குக் கட்டிய பிளாசா தெ எஸ்பான்யாவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மாலை ஆறுக்குமேல் போய் ஒரு சுற்று வந்தால் போதும். மறுநாள் காலை பாலம் தாண்டித் திரியானாவுக்கு, ஓடு சுட்ட பழைய சூளைகளைப் பார்க்க.

ஒரு எச்சரிக்கை: ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மார்ச்சில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் ஊர்வலங்களில் தெருவைக் கடக்க முடியாது, அறை வாடகையும் எகிறிவிடும்.

மகளுக்குப் பூண்டு ஆகுமா என்று எழுதவில்லையே. ஆகாதென்றால் கீரைக்கு நான் பொறுப்பில்லை.